வெளியே தெரிகிற கண்

ஆபீஸில் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நான் டீ ரூமுக்குள் காலை வைத்ததும் பேச்சு பட்டென்று நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக இந்தக் கான்ட்ராக்ட் கம்பெனியின் காகித வேலை முழுவதும் என் தலையில்தான். பாலம் கட்டுகிறோம், கிடங்கு கட்டுகிறோம், ஓடுகிற ஆலைகளைச் சில நாள் நிறுத்திவைத்துப் பழுது பார்த்துக் கொடுக்கிறோம். கட்டுகிறவர்களும் பற்றவைக்கிறவர்களும் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். அவர்கள் செய்ததைச் செய்ததாக எழுதுவது நான். எழுதுகிறவளே சந்தேகப்படாவிட்டால் வேறு யார் சந்தேகப்படுவது?

போன வருஷம் ஒரு கிடங்குக் கூரைக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்ததாக அறிக்கை வந்தது. கூடவே படம். நான் கூரையைப் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்தில் நின்ற பெயின்டரின் சட்டையைப் பார்த்தேன். இரண்டு கோட் அடித்தவன் சட்டையில் நாலு சொட்டாவது இருக்க வேண்டாமா? துவைத்து மடித்த மாதிரி இருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டு, அடித்தது ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டான். அன்றைக்கு விழுந்த பெயர்தான் பூதக்கண்ணாடி. எனக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான்.

உலகத்தில் நான் சந்தேகப்படாத ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இதே கம்பெனியில் ஃபிட்டர். குழாய்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் வேலை. அதிகம் பேச மாட்டார், பேசினால் அதில் பொய் இருக்காது. இன்னொருவன் என் தம்பி, வெல்டர். அம்மா போன பிறகு நான் ஊட்டி வளர்த்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் திருடிய பென்சிலைக்கூட ராத்திரி என்னிடம் கொண்டுவந்து கொடுத்து அழுதவன். அவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மற்ற எல்லார் மேலும் எனக்கு ஒரு கண் உண்டு. ஆனால் இரண்டு கண்ணும் இருந்தது புதிதாக வந்த இன்ஜினியர் மேல்தான்.

அவர் பராமரிப்புப் பக்கம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பத்து வருஷம் பாலம், தூண், கிடங்கு என்று கட்டுமானப் பக்கமே கிடந்தவர். இங்கே ஆள் குறைந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வந்த முதல் நாளே, இந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று ஃபிட்டர்களிடம் கேட்டு மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் சிமெண்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. கோபப்படவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. கேலி செய்தால் கோபம் வராத மனிதன் எதையோ மனசுக்குள் சேர்த்து வைக்கிறான் என்றுதான் அர்த்தம்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீல நோட்டு. எதைப் பார்த்தாலும் அதில் எழுதுவார். மேஜை டிராயரைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் ஷெட் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிடுவார். என்ன சொன்னாலும், "அதை எழுத்துல கொடுத்துடுங்க" என்பார். அவர் வந்த இரண்டாவது வாரம் இரண்டு ஃபிட்டர்களுக்கு வேலை போனது. சாரத்தின் மேல் பெல்ட் மாட்டாமல் நின்றார்களாம். அவர் நோட்டில் எழுதினார், மறுநாள் அவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் என் மேஜையில் நோட்டைத் திறந்துவைத்துப் பேனாவைத் தேடியபோது நான் தலைகீழாகப் படித்தேன். தலைகீழாகப் படிப்பது எனக்குக் கைவந்த கலை. நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஏழு. அதன் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி. நாற்பத்தொன்று என் வீட்டுக்காரரின் டோக்கன் நம்பர். 

ஏழு என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு ரசாயன ஆலையை ஒன்பது நாள் நிறுத்தியிருந்தார்கள். அதில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. அதன் உள்பக்க வெல்டிங் தையல்களில் விரிசல். ஆள் உள்ளே இறங்கித்தான் பற்றவைக்க வேண்டும். அந்தத் தொட்டிக்குள் வந்து சேருகிற குழாய்கள் ஏழு. ஆள் இறங்குவதற்கு முன் ஏழையும் அடைத்தாக வேண்டும். வெறும் வால்வை மூடினால் போதாது, வால்வு கசியலாம், யாராவது தெரியாமல் திறந்துவிடலாம். அதற்காக ஒவ்வொரு குழாயின் இணைப்பிலும் ஒரு கனத்த இரும்புத் தகடு செருகியிருக்கும். இரண்டு வட்டங்கள் ஒட்டிய வடிவம். மூக்குக்கண்ணாடி மாதிரி இருப்பதால் எங்கள் ஆட்கள் அதைக் கண்ணாடி என்பார்கள். ஒரு வட்டத்தில் ஓட்டை, அது திறந்த கண். இன்னொன்று கெட்டி இரும்பு, அது மூடிய கண். ஒரு கண் குழாய்க்கு நடுவே இருக்கும், மற்றது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். குழாயை அடைக்க வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றித் தகட்டைத் திருப்பிப் போடுவார்கள்.

இதெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம். பதினோரு வருஷத்தில் நான் அந்தத் தகட்டைக் கையால் தொட்டதில்லை. கீழே ஃபிட்டர்கள் திருப்புவார்கள், திருப்பியதை எனக்குச் சொல்வார்கள், நான் தாளில் 'மூடப்பட்டது' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஏழு வரியிலும் மூடப்பட்டது என்று விழுந்தால்தான் தொட்டியின் வாசலில் நிற்கிறவர் ஆளை உள்ளே விடுவார்.

ஏழாவது குழாயில் வருவது நைட்ரஜன். பேரைக் கேட்டால் பயமாக இருக்காது. நாம் விடுகிற மூச்சில் பெரும்பங்கு அதுதான். ஆனால் அது மட்டும் வந்து ஒரு தொட்டியை நிரப்பினால் உள்ளே இருப்பவனுக்கு நாற்றம் தெரியாது, புகை தெரியாது, இருமல்கூட வராது. இரண்டு மூச்சு. மூன்றாவதற்கு ஆள் விழுந்திருப்பான்.

அன்று காலை எட்டு பத்துக்கு என் வீட்டுக்காரர் ஃபோனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் திருப்பியாச்சு. ஏழு மூடியிருக்கு. பாத்துக்க. என்னைப் புகைபோக்கி வேலைக்குக் கூப்பிடுறாங்க, அங்க மேல ஃபோன் கொண்டுபோக விட மாட்டாங்க. சாயங்காலம்தான் பேசுவேன்."

பாத்துக்க என்பது அவர் பேச்சின் வால். கடைக்குப் போனாலும் பாத்துக்க, தூங்கப் போனாலும் பாத்துக்க. நான் அதைக் காதில் வாங்குவதையே விட்டு வருஷங்கள் ஆகின்றன. ஏழு வரியிலும் மூடப்பட்டது என்று அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். எட்டரைக்குத் தாள் போய்விட்டது. ஒன்பது மணிக்குத் தம்பி முகமூடியோடு ஒரு படம் அனுப்பினான். "உள்ள இறங்குறேன்க்கா. நாலு மணிக்கு வெளிய. ஃபோன் வாசல்ல பெட்டியில இருக்கும், சும்மா சும்மா கூப்பிடாத" என்று கீழே எழுதியிருந்தான்.

அதன் பிறகுதான் சிமெண்ட் என் மேஜைக்கு வந்தார், நோட்டைத் திறந்தார், நான் தலைகீழாகப் படித்தேன்.

"மேடம், ஏழாவது கண்ணாடி மூடியாச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"யார் சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரர். அவர்தான் அங்க ஃபிட்டர்."

"சரியா என்ன வார்த்தை சொன்னார்?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. என்ன வார்த்தை என்று கேட்பவன் வார்த்தையைப் பிடிக்கப் பார்க்கிறான். "மூடியிருக்குன்னு சொன்னார் சார். வேற என்ன வார்த்தை இருக்கு அதுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "இல்ல, நான் காலையில போய்ப் பாத்தேன். மத்த ஆறுலயும் வெளிய ஓட்டை தெரியுது. ஏழாவதுல மட்டும் தெரியல. அதான் கேட்டேன். எனக்கு இந்த வேலை புதுசு."

"ஓட்டை தெரியலன்னா மூடியிருக்குன்னுதானே சார் அர்த்தம்."

பக்கத்து மேஜையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் காது சிவந்துவிட்டது. நோட்டை மூடினார், பையில் வைத்தார். போகும்போது கதவருகே நின்று, "அவர் பேசினதை எனக்கு அனுப்ப முடியுமா?" என்றார்.

"அது புருஷன் பொண்டாட்டி பேச்சு சார்" என்றேன். அந்தப் பெண் இப்போது சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. முதலாளி ஒரு புத்தகம் போடச் சொல்லியிருந்தார். சமீபத்திய பணிகள் என்று தலைப்பு. இந்த வருஷம் முடித்த இருபத்து மூன்று வேலைகளின் படங்களும் படத்துக்கு இரண்டு வரியும். பளபளப்புத் தாளில் அச்சடித்துப் புதிய ஆலைகளுக்குக் கொடுப்பாராம். நான் ஒரு கொதிகலன் படத்தை வைத்துக்கொண்டு 'குறித்த காலத்தில் குறைவறச் செய்து முடிக்கப்பட்டது' என்று எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். நாற்பத்தொன்று, ஏழு, கேள்விக்குறி. இரண்டு பேருக்குச் சீட்டைக் கிழித்தாயிற்று, மூன்றாவது என் வீட்டில் கை வைக்கிறார். குரல் பதிவைக் கொடுத்தால் அதில் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, சரியாகத் தகவல் சொல்லவில்லை என்று எழுதிவிடுவார். நோட்டில் இருக்கும் அந்தக் கேள்விக்குறியை முதலாளியிடம் காட்டுவார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் படமே ஓடியது.

ஒன்றரைக்கு அவரே ஃபோன் செய்தார். பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது.

"மேடம், ஆலைக்காரங்க மூணு மணிக்குப் பக்கத்துத் தொட்டிக்கு நைட்ரஜன் விடப் போறாங்களாம். அதே லைன்லேருந்துதான் நம்ம தொட்டிக்கும் பிரியுது. நான் மெயின் வால்வுல என் பூட்டைப் போட்டிருக்கேன். அந்தப் பதிவை அனுப்புங்க. நான் கேட்டுட்டு எடுத்துடுறேன்."

பூட்டு விஷயம் ஆலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு குழாயில் வேலை நடக்கும்போது அதில் சம்பந்தப்பட்டவர் யாரும் வால்வில் தன் பூட்டை மாட்டலாம். சாவி அவரவர் பையில். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, முதலாளியே ஆனாலும்.

"தாள்ல எழுதியிருக்கு சார். என் கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?"

"தாள் பாத்தேன் மேடம். அவர் சொன்னது வேணும்."

"எங்க மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லுங்க."

"உங்க தம்பிதானே உள்ள இருக்கார்?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியை இழுக்கிறார். வீட்டுக்காரரோடு நிற்காமல் தம்பிக்கும் குழி பறிக்கிறார் என்று நினைத்தேன். ஃபோனை வைத்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் முதலாளி கூப்பிட்டார். ஆலை ஷிஃப்ட் அதிகாரி அவரிடம் குதித்திருக்கிறார், உங்கள் ஆள் பூட்டைப் போட்டுக்கொண்டு எடுக்கமாட்டேன் என்கிறார் என்று.

"ஏம்மா, அந்த ஏழு மூடியிருக்கா இல்லையா? எனக்கு ஒரே வார்த்தையில சொல்லு."

"மூடியிருக்கு சார்."

"நல்லாத் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர் வாயால சொன்னது சார்."

"அப்ப ஆலைக்கு ஒரு கடிதமா அடிச்சு அனுப்பிடு. இந்த சிமெண்ட்டோட தலைவலியா இருக்கு."

எவ்வளவு ஆசையாக அடித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 'ஏழாவது இணைப்பு மூடப்பட்டுள்ளது என இதன்மூலம் உறுதி அளிக்கிறோம். இதில் ஐயத்துக்கு இடமில்லை.' இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். கீழே என் கையெழுத்து, அதன் கீழே கம்பெனி முத்திரை. எழுத்துல கொடுங்க, எழுத்துல கொடுங்க என்றாயே, இந்தா எழுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அனுப்பினேன். அப்போது மணி இரண்டு ஐந்து.

அனுப்பிய பிறகுதான் நிம்மதியாகப் புத்தக வேலையில் உட்கார்ந்தேன். தொட்டி வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார் முதலாளி. சிமெண்ட் காலையில் எடுத்த படங்கள் பொது ஃபோல்டரில் கிடந்தன. ஏழு கண்ணாடிகளுக்கும் தனித்தனிப் படம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நம்பர் எழுதிய காகிதத்தைப் பிடித்திருக்கும் அவர் விரல். இந்த மனிதனிடம் ஒழுங்கு இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒழுங்கின் மேலும் சந்தேகம் வந்தது.

ஏழையும் திரையில் வரிசையாக வைத்தேன். ஆறு படங்களில் வெளியே ஓட்டை. அதன் வழியாகப் பின்னால் இருக்கிற சுவர், ஒரு படத்தில் வானம்கூடத் தெரிந்தது. ஏழாவதில் கெட்டி இரும்பு. துருப்பிடித்த போல்ட், அதில் எண்ணெய் ஊற்றிய புது ஈரம்.

எனக்குப் பழக்கம் ஒன்று உண்டு. ஏழில் ஒன்று வேறு மாதிரி இருந்தால் அந்த ஒன்றைத்தான் நிற்கவைத்துக் கேட்பேன். கை தானாக ஏழாவது படத்தைப் பெரிதாக்கியது. பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. இது நம்ம ஆள் வேலை, இதில் என்ன நோண்டுகிறோம்?

சரி, சிமெண்டுக்குப் புரிகிற மாதிரி ஒரு விளக்கம் எழுதி அவருக்கும் முதலாளிக்கும் அனுப்பிவிடலாம், இனி வாயைத் திறக்க மாட்டார் என்று தோன்றியது. அதற்கு ஒரு மாதிரி இருந்தால் நல்லது. பழைய ஃபைல் அட்டை ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலால் மூக்குக்கண்ணாடி வடிவத்தில் வெட்டினேன். ஒரு வட்டத்தின் நடுவே ஓட்டை போட்டேன். இன்னொன்றை அப்படியே விட்டேன். குழாய்க்குப் பதிலாக மேஜையில் கிடந்த தடித்த ரெஜிஸ்டர். அதன் பக்கங்களுக்கு நடுவே ஒரு கண்ணைச் செருகினால் மற்றது வெளியே நிற்கும்.

குழாயை அடைக்க வேண்டும். எனவே கெட்டியான கண்ணை ரெஜிஸ்டருக்குள் செருகினேன்.

வெளியே நின்றது ஓட்டை.

அட்டையை உருவினேன். திரையில் இருக்கும் ஏழாவது படத்தைப் போலக் கெட்டியான கண் வெளியே நிற்கும்படி திருப்பிச் செருகினேன். ரெஜிஸ்டரை மெதுவாகத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ஓட்டை. அதன் வழியாக, அடுத்த பக்கத்தில் நான் எழுதியிருந்த தேதி தெளிவாகத் தெரிந்தது.

நான் மறுபடியும் அந்தப் பதிவைப் போட்டேன். ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் திருப்பியாச்சு. ஏழு மூடியிருக்கு. பாத்துக்க.

அவர் குழாயைப் பற்றிப் பேசவில்லை. கண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறார். கீழே நிற்கிறவனுக்குக் கண்ணில் படுவது வெளியே இருக்கும் கண்தானே? ஆறில் கண் திறந்திருக்கிறது, வேலை முடிந்தது. ஏழில் கண் மூடியிருக்கிறது, இன்னும் திருப்பவில்லை. துருவுக்கு எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருக்கிறார். பாத்துக்க என்றால் பார்த்துக்கொள், ஏழில் டிக் போட்டுவிடாதே. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் நிஜமாகவே சொன்னது அன்று ஒரு நாள்தான். நான் அதை வாலென்று வெட்டிப் போட்டுவிட்டேன்.

மணி இரண்டு முப்பத்தெட்டு.

தம்பியின் ஃபோனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் அது மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் வெல்டிங் சத்தம். மறுபடியும் மறுபடியும் அடித்தேன். வீட்டுக்காரர் எண் அணைந்திருந்தது. ஆலை கன்ட்ரோல் ரூமில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஷிஃப்ட் அதிகாரி வால்வுப் பக்கம் போயிருக்காருங்க. உங்க கடிதத்தையும் கையில எடுத்துக்கிட்டுத்தான் போனார்."

"அவரைக் கூப்பிட முடியுமா? நைட்ரஜனை விட வேண்டாம்னு சொல்லணும், அவசரம்."

"வாக்கி டாக்கி சார்ஜ்ல இருக்கு மேடம். ஆளை அனுப்பறேன்" என்றாள்.

ஆளை அனுப்புகிறாளாம். என் கையைப் பார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதிய கை. அந்த ஒரு வரியை யார் எழுதச் சொன்னார்கள்? பென்சிலைத் திருப்பிக் கொடுத்து அழுத பிள்ளையை நானே கையெழுத்துப் போட்டு உள்ளே இறக்கிவிட்டேன். போதாததற்கு வெளியே பூட்டையும் எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கூப்பிட வேண்டிய ஆள் இன்னும் ஒருவர் பாக்கி என்பது அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் இரண்டு நொடி போனது.

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சார், பூட்டை எடுத்துட்டீங்களா?"

"மேடம், இங்க நாலு பேர் நிக்கிறாங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க கடிதம் வந்திருக்கு. எடுத்தே ஆகணும்னு முதலாளியும் சொல்லிட்டார்."

"சார், எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாவி தொலைஞ்சு போச்சு மேடம்" என்றார், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "அரை மணி நேரமா தேடிக்கிட்டு இருக்கேன். கட்டர் கொண்டுவர ஆள் போயிருக்கு."

"சார், ஏழு அடைக்கல. தப்பு என்னோடது. குழாய் திறந்திருக்கு. கட்டர் வந்தாலும் விடாதீங்க. என் தம்பியை வெளிய எடுங்க."

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. பிறகு யாரிடமோ, "உள்ள இருக்கிறவரை வெளிய கூப்பிடுங்க. இப்பவே. ஏழு அடைக்கல" என்றார். யாரோ ஏதோ கத்தினார்கள். காலடிகள் ஓடின. ஃபோன் அவர் சட்டையில் உரசிக்கொண்டு கிடந்தது, அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இரும்பு ஏணியில் பூட்ஸ் ஏறுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை அழுத்திவைத்தேன். எதுவும் பிரித்துக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது. "வந்துட்டார் மேடம். நல்லா இருக்கார்."

"சாவி நிஜமாவே தொலைஞ்சுதா சார்?"

"இடது ஷூவுல இருக்கு" என்றார். "குத்துது. நீங்க சொன்னா எடுத்துப் பையில போட்டுக்குவேன்."

ஒரு மாதமாக இந்த மனிதன் பொய்க்காரன் என்று நான் ஒருத்தி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அரை மணி நேரம் நாலு பேருக்கு முன்னால் தன் பைகளைத் தானே தடவிக்கொண்டு, கேலியையும் வாங்கிக்கொண்டு, தனக்கே நிச்சயமில்லாத ஒரு விஷயத்துக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு நிச்சயம் இருந்தது.

"அந்த நோட்டுல நாற்பத்தொண்ணுன்னு எழுதியிருந்தீங்களே" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஆமா. அவரைப் பிடிச்சுக் கேக்கணும்னு எழுதினேன். பிடிக்க முடியல." தயங்கினார். "ஆலைக்காரங்க என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க மேடம். சாவி தொலைஞ்சதால தாமதம், அதுக்குள்ள மறுபடியும் பாத்தோம்னு நான் சொல்லிக்கிறேன். உங்க பேரு வர வேண்டாம்."

"வேண்டாம் சார். நான் எழுத்துல கொடுக்கறேன்."

எழுதினேன். 'ஏழாவது இணைப்பு மூடப்படவில்லை. மூடப்பட்டதாக எழுதியது என் தவறு. ஃபிட்டர் சரியாகச் சொன்னார். நான் தவறாகப் புரிந்துகொண்டேன்.' அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது, பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்துக்குத் தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, ஆறு மிஸ்டு கால். சும்மா கூப்பிடாதன்னு சொன்னேன்ல?" மூன்று மாடி ஏணியில் அவசரமாக ஏறி இறங்கியவனுக்கு மேல்மூச்சு வாங்கியது. "பாதி தையல்ல நிக்கிறேன், வெளிய வா வெளிய வான்னு கத்துறாங்க. ஏதோ குழாய்ப் பிரச்சினையாம், யாரும் ஒழுங்கா சொல்லல. வந்து பாத்தா அந்த சிமெண்ட் ஒத்தைக் காலுல நின்னுக்கிட்டு ஷூவைக் கழட்டிச் சாவி எடுக்கறார். இவ்வளவு நேரமா தொலைஞ்சு போச்சுன்னு ஊரையே ஏமாத்தியிருக்கார் மனுஷன். நீ சொன்னது சரிதான்க்கா. அந்த ஆளு மேல ஒரு கண்ணு வச்சிருக்கணும்."

நான் மேஜையில் கிடந்த அட்டைக் கண்ணாடியைக் கையில் எடுத்தேன்.

"ஏன்க்கா பேச மாட்டேங்கற? அழறியா?"

"இல்லடா."

"அப்ப வச்சிடவா? தண்ணி குடிக்கணும், மூச்சு வாங்குது."

"வைக்காத" என்றேன். "பேச வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே இரு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா சொன்னால் கேட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சு உள்ளே போய் வெளியே வருவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.